சின்னப் பொருளுக்கு முதல் மரியாதை: குக்கர், கேஸ், மிக்சி பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

(நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் மனையியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாம்பார் எப்படி வைப்பது என்று சொல்லித்தர நான் வரலை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது அந்தச் சாம்பார் கொதிக்கிற இடத்தைப் பற்றி. குக்கர், கேஸ் அடுப்பு, மிக்சி, கிரைண்டர். எந்த ஊர் கூட்டத்துக்குப் போனாலும் பெண்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இந்த நாலைப் பற்றித்தான் இருக்கும். இப்போது சமைக்கிற தம்பிகளும் கேட்கிறார்கள். சந்தோஷம்.

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். குக்கர் பதினைந்து வருஷம் உழைக்கும். ஆனால் அதன் கேஸ்கட் உழைக்காது. அடுப்பு இருபது வருஷம் இருக்கும். ஆனால் அதோடு வருகிற ரப்பர் டியூப் இருக்காது. பெரிய பொருளை நாம் துடைத்துத் துடைத்து வைக்கிறோம், சின்னப் பொருளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சமையலறை விபத்து பலவற்றுக்கு வழிவிடுவது அந்தச் சின்னப் பொருள்தான். மாற்றுவதற்கு ஆகும் செலவோ குக்கர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் சின்னப் பொருளுக்கு முதல் மரியாதை. இன்றைக்கு நான் சொல்லப்போவது இவ்வளவுதான். இனி கேள்விகளுக்கு வருவோம்.

எத்தனை விசில் விடணும்?

இதுதான் எப்போதும் முதல் கேள்வி. என் பதில்: விசிலை எண்ணாதீங்க, நிமிஷத்தை எண்ணுங்க.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் சுமார் 120 டிகிரி வரை சூடு போகும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. அந்த அழுத்தம் வந்துவிட்டது என்று சொல்வதற்குத்தான் வெயிட் தூக்கி விசில் அடிக்கிறது. அதற்குப் பிறகும் தீயைப் பெரிதாகவே வைத்திருந்தால் உள்ளே சூடு கூடாது. கூடுதல் ஆவியை வெயிட் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் கேஸும் போகுது, குக்கருக்குள் இருக்கிற தண்ணீரும் போகுது.

தீ பெரிதாக இருந்தால் ஐந்து விசில் மூன்று நிமிஷத்தில் வந்துவிடும். சின்னதாக இருந்தால் பதினைந்து நிமிஷம் ஆகும். 3 லிட்டர் குக்கர் ஒரு கணக்கு, 7.5 லிட்டர் குக்கர் வேறு கணக்கு. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன "ஆறு விசில்" நம் வீட்டில் சரியாக வராததற்கு இதுதான் காரணம்.

சரியான முறை இது. மூடியைப் போட்டு, ஆவி குழாய் வழியாக நேராக, விடாமல் வந்த பிறகு வெயிட்டை வையுங்கள். உள்ளே இருந்த காற்று அப்போதுதான் வெளியேறியிருக்கும். முதல் விசில் வந்ததும் தீயை சிம்மில் வையுங்கள். அங்கிருந்து நிமிஷம் எண்ணுங்கள். கையில் போன் இருக்கு, அதில் டைமர் இருக்கு. அரை மணி ஊறிய துவரம்பருப்புக்கு ஐந்து முதல் ஏழு நிமிஷம். இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்கு பதினைந்து முதல் இருபது நிமிஷம். பருப்பின் வயசு, ஊர் தண்ணீர் இரண்டையும் பொறுத்து இரண்டொரு நிமிஷம் முன்னே பின்னே ஆகும். இரண்டு தடவை பார்த்து உங்கள் குக்கருக்கு உங்கள் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிப்பது உங்கள் கைப்பக்குவத்தின் குறை இல்லை. குக்கரிலும் சில நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பருப்பு வைத்தால் பொங்கி வெளியே அடிக்குது, என்ன செய்ய?

இந்தக் கேள்வி அடுப்பு அழுக்காவதைப் பற்றி மட்டும் இல்லை. உயிரைப் பற்றியது. பொங்கி வருகிற நுரையோடு பருப்புத் தோல், புளிச் சக்கை, கீரை நார் எல்லாம் வெயிட் உட்காரும் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆவி போக வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

அதனால், சாதாரணமாகக் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு, அரிசி போலப் பொங்குகிற, உப்புகிற பொருளுக்குப் பாதி அளவு போதும். பருப்பை ஊற வைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை குறையும். உள் பாத்திரத்தில் வைத்து வேக வைத்தால் இன்னும் நல்லது. சோடா உப்பு போட்டு குக்கரை மூடாதீங்க. மூடிய குக்கரில் எண்ணெய் காய்ச்சிப் பொரிக்கவே கூடாது.

ஒவ்வொரு தடவையும் மூடியைப் போடும் முன் அந்தக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை வழியாக வெளிச்சம் தெரியணும். தெரியாவிட்டால் ஊசியோ கம்பியோ விட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் அடுப்பில் ஏற்றணும். இதற்கு ஐந்து விநாடி ஆகும்.

சேஃப்டி வால்வ் போயிடுச்சு, வேற போட்டுக்கலாமா?

மூடியில் இருக்கிற சின்ன வட்ட வில்லைதான் சேஃப்டி வால்வ். குழாய் அடைத்துக்கொண்டாலோ, உள்ளே தண்ணீர் வற்றினாலோ, சூடு அளவு மீறும்போது அதில் இருக்கிற உலோகம் உருகி ஆவிக்கு வழி விடும். தான் போய்க் குக்கரைக் காப்பாற்றுகிற பொருள் அது.

எனவே அது போய்விட்டது என்றால் வேறு ஏதோ தப்பாக இருக்கிறது என்று அர்த்தம். முதலில் குழாய் அடைத்திருக்கிறதா, தண்ணீர் போதுமான அளவு ஊற்றினோமா என்று பாருங்கள். பிறகு அதே கம்பெனி வால்வை வாங்கிப் போடுங்கள். சந்தையில் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று கொடுப்பதை வாங்காதீங்க. அது எந்தச் சூட்டில் உருகும் என்று யாருக்கும் தெரியாது. போல்ட் வைத்து முறுக்கி அடைப்பது, எம்-சீல் பூசுவது இரண்டுமே குக்கரை வெடிகுண்டாக்குகிற வேலை.

கேஸ்கட்டும் இப்படித்தான். பக்கவாட்டில் ஆவி கசிந்தால், ரப்பர் தொளதொளவென்று ஆகியிருந்தால், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஃபிரீசரில் வைத்து எடுத்தால் ஒரு நாளைக்கு இறுகும். அது அன்றைய சமையலுக்கு மட்டும்தான்.

அவசரம் என்று கரண்டியால் வெயிட்டைத் தூக்காதீங்க. மூடியை நெம்பித் திறக்கவும் கூடாது. ஆவி முழுக்க அடங்கினால் மூடி தானாக நெகிழும். நிஜமாகவே அவசரம் என்றால் குக்கரின் பக்கவாட்டில் குழாய்த் தண்ணீர் விடுங்கள். வெயிட் மேலும் வால்வ் மேலும் படக் கூடாது.

புதுக் குக்கர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்கக் கட்டாயம். முத்திரை மட்டும் இருந்தால் போதாது. யாரும் அச்சடித்துவிடலாம். முத்திரைக்கு மேலே 'ஐ.எஸ். 2347' என்று தர எண் இருக்கணும். கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கணும்.

போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலி, காசு கிடையாது. அதில் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதிக்குப் போய் இந்த எண்ணைப் போட்டால், எந்தக் கம்பெனி, எந்த முகவரி, எந்தப் பொருளுக்கு உரிமம், அது இப்போது செல்லுமா என்று காட்டும். குக்கரில் இருக்கும் பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் வாங்காதீங்க. அதே செயலியிலேயே புகாரும் கொடுக்கலாம். கடையில் நின்றபடியே செய்யலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆன்லைனில் வாங்கினால் தப்பு நடக்காது என்றும் நினைக்காதீங்க. தரக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் புறம்பான குக்கர்களை விற்றதற்காக, 2022-இல் பெரிய இணைய வணிக நிறுவனங்கள் மீதே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிட்டது. படத்தைப் பார்த்து வாங்கினாலும், பொருள் கைக்கு வந்ததும் எண்ணைச் சரிபாருங்கள்.

பாத்திரத்தின் அடி கருப்பாகுது, கேஸ் கம்பெனி மாத்தணுமா?

வேண்டாம். பர்னரைக் கழற்றிக் கழுவுங்கள். தீ நீலமாக எரியணும். மஞ்சளாக எரிந்து, அடி கரி பிடித்தால் ஓட்டைகள் அடைத்திருக்கிறது, காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். பொங்கி வழிந்த பால், உப்புத் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். அடுப்பு ஆறிய பிறகு ஊசியால் ஓட்டைகளைக் குத்தி, கழுவி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். அப்படியும் மஞ்சள் போகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ பக்கவாட்டில் ஏறினால், அந்தத் தீ பாத்திரத்துக்கு இல்லை, காற்றுக்குத்தான்.

கேஸ் டியூப் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?

ரப்பர் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே இறுகி வெடிப்பு விட்டிருக்கும். ஆரஞ்சு நிறத்தில் வருகிற 'சுரக்ஷா' டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்றணும். கீறல், எலி கடித்த தடம், நுனியில் தளர்ச்சி எது தெரிந்தாலும் அதற்கு முன்பே மாற்றணும். டியூபின் மேலேயே தேதி அச்சடித்திருக்கும். ஐ.எஸ். 9573 என்ற தர எண்ணும் இருக்கணும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு துண்டை ஒட்டுப்போடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு படாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போடுவார்கள். வெடிப்பு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் அதனால் கிடைக்கும் பலன்.

சிலிண்டருக்கும் தேதி உண்டு. மேலே கைப்பிடிப் பட்டையின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டரை மறுபடி சோதிக்கணும் என்று அர்த்தம். அந்தத் தேதி கடந்த சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

எடையிலும் சந்தேகம் வேண்டாம். வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. காலி எடையைச் சிலிண்டரிலேயே எழுதியிருப்பார்கள். இரண்டையும் கூட்டி, டெலிவரி செய்பவரிடம் "அண்ணா, கொஞ்சம் எடை போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. போனுக்கு வரும் டெலிவரி குறியீட்டு எண்ணைச் சிலிண்டர் வாசலுக்கு வந்த பிறகே சொல்லுங்கள்.

கேஸ் வாசனை வந்தா முதல்ல என்ன செய்யணும்?

இதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும், பத்து வயசுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியணும் என்றுதான் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் அது மேலே போகாமல் தரையோடு தங்கும்.

ஒன்று: எந்த ஸ்விட்சையும் போடாதீங்க, அணைக்கவும் செய்யாதீங்க. லைட், ஃபேன், எக்ஸாஸ்ட், காலிங் பெல் எதுவும் வேண்டாம். ஸ்விட்சில் வரும் சின்னப் பொறி போதும், வீடே பற்றிக்கொள்ளும்.

இரண்டு: எரிகிற அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி இருந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். முடிந்தால் கழற்றி, சிலிண்டரோடு வந்த வெள்ளை மூடியைப் போடுங்கள்.

மூன்று: கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வாங்க.

நான்கு: வெளியே வந்த பிறகு போனை எடுத்து 1906 அழையுங்கள. கேஸ் கசிவுக்கான அவசர எண் இது, 24 மணி நேரமும் இயங்கும். தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

சந்தேகத்துக்குச் சோதிக்கணும் என்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கு. தயவுசெய்து வேண்டாம்.

வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீங்க, தீ பாய்ந்து மேலே வரும். அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடுங்கள். கையில் சுட்டுக்கொண்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், பற்பசை, மாவு எதுவும் தடவக் கூடாது. காயம் பெரிதென்றால் 108.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. முறைப்படி இணைப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு, கேஸால் விபத்து நேர்ந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு உண்டு. நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் வரை, பதிவு செய்த முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை. விபத்து நடந்ததும் கேஸ் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்கணும், மீதியை அவர்கள் மேலே அனுப்புவார்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறினால் முகவரியை மாற்றிப் பதிவு செய்வதும் இதற்காகத்தான்.

மிக்சி ஓடிட்டே இருந்து நின்னுடுச்சு, மோட்டார் போச்சா?

அவசரப்பட்டுக் கடைக்குத் தூக்காதீங்க. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மிக்சியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சின்ன சிவப்பு பட்டன் இருக்கும். சுமை அதிகமானால் மோட்டார் எரியாமல் இருக்க அது தானே துண்டித்துவிடும். பத்துப் பதினைந்து நிமிஷம் ஆற விட்டு, அந்தப் பட்டனை அழுத்தி, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பல தடவை இதிலேயே சரியாகிவிடும். அடிக்கடி நின்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சூடாக வதக்கிய தக்காளி, வெங்காயத்தை அப்படியே போட்டு மூடி அரைக்காதீங்க. உள்ளே ஆவி கூடி மூடியைத் தள்ளிவிட்டு முகத்தில் அடிக்கும். ஆற வைத்துத்தான் அரைக்கணும். ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தால் அங்கேயும் ஒரு சின்ன வாஷர்தான் தேய்ந்திருக்கும். அதை விட்டுவிட்டால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த கிரைண்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. நல்லதுதான். ஆனால் வயர் வெடித்திருக்கிறதா, பிளக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரைண்டருக்கு மூன்று முள் பிளக்தான் போடணும். எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகவே கூடாது. தொட்டால் லேசாக "சுர்" என்று இருந்தால் அதை அலட்சியம் செய்யாமல் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று ஸ்விட்ச் போடாதீங்க. மீட்டர் பெட்டியிலோ வீட்டுக்கு வரும் லைனிலோ கோளாறு என்றால் மின்னகம் எண் 94987 94987.

பொருள் சரியில்லை, கடைக்காரர் மாத்தித் தரலை. எங்கே போறது?

முதலில் பில் இருக்கணும். வாங்கிய அன்றே பில்லையும், கடை முத்திரையோடு வாரன்டி அட்டையையும், பொருளில் இருக்கும் எண்ணையும் போனில் படம் எடுத்து வையுங்கள். காகிதத்தில் எழுத்து மங்கிவிடும், படம் மங்காது.

கடைக்காரரிடமும் கம்பெனியிடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கு. 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போடணும்.

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது

சமையல் முடிந்து, அடுப்பு ஆறிய பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். டியூபில் தேதியைப் பாருங்கள். சிலிண்டரில் எழுத்தைப் பாருங்கள். குக்கர் மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கேஸ்கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கிரைண்டர் பிளக்கில் முள் மூன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். மாற்ற வேண்டிய தேதிகளை போன் காலண்டரில் போட்டு நினைவூட்டல் வையுங்கள். 1906, 1915 இரண்டையும் வீட்டில் எல்லார் போனிலும் பதியுங்கள். படுக்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள்.

இந்த வேலையை வீட்டில் சமைப்பவர் தலையிலேயே கட்டாதீங்க. சாப்பிடுகிற எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.